விற்பனைக்கு அல்ல

உயரம் ஒரு சாண்தான். பலகைத் துண்டுகளை வட்டமாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய தொட்டி. அடியில் மூன்று கால்கள். மூடியின் மேல் வார்ப்பிரும்பில் இரண்டு பல்சக்கரங்கள், அவற்றை ஓட்ட ஒரு கைப்பிடி. மூடியைத் தூக்கினால் அதன் அடிப்புறத்தில் நான்கு மரக்குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிடியை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, குச்சிகள் இந்தப் பக்கம் அரை வட்டம், அந்தப் பக்கம் அரை வட்டம் திரும்பும். சோப்புத் தண்ணீரையும் ஒரு கைக்குட்டையையும் போட்டால் அழுக்கு நிஜமாகவே போகும். துணி பிழியும் கருவி தனி. அதைத் தொட்டியின் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம். விரல் தடிமனில் இரண்டு ரப்பர் உருளைகள், அவற்றை நெருக்கவும் தளர்த்தவும் மேலே ஒரு திருகு. துணி துவைக்கும் பெரிய மெஷினில் என்னென்ன உண்டோ அத்தனையும் அதே விகிதத்தில் இதிலும் உண்டு.

பார்த்ததும் சொப்புச் சாமான் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் திருகைக் கவனியுங்கள். பொம்மைத் துணி பிழிகிற குழந்தைக்கு உருளைகளின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய அவசியம் என்ன? கெட்டிப் போர்வைக்கும் மெல்லிய சட்டைக்கும் ஒரே மெஷின் போதுமா என்று கேட்கப்போகிற ஒரு வீட்டுக்காரிக்காக வைத்த திருகு அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிய சேல்ஸ்மேன்கள் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போன சாம்பிள் இது. அடுப்பு, ஐஸ் பெட்டி, குளியல் தொட்டி, காற்றாலை, வைக்கோல் ஏற்றும் இயந்திரம், முடிதிருத்தகத்து நாற்காலி என்று எதற்கும் சாம்பிள் இருந்தது. சவப்பெட்டிக்கும் இருந்தது. (அதை வீட்டு வாசலில் திறந்து காட்டியிருக்க மாட்டார்கள். ஈமச்சடங்கு நடத்தித் தருகிற தொழில்காரருக்கு மட்டும் காட்டியிருப்பார்கள்.)

இந்தச் சாம்பிளுக்கு ஓர் அண்ணன் உண்டு. அளவிலும் தோற்றத்திலும் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் சந்தையில் அடிக்கடி ஆள் மாறாட்டம் நடக்கிறது. அண்ணனின் பெயர் பேட்டண்ட் மாதிரி. அமெரிக்காவில் ஒரு கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்பவர், வரைபடமும் விளக்கமும் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பொருளைச் சின்னதாகச் செய்தும் கொடுக்க வேண்டும் என்பது 1880 வரை பெரும்பாலும் இருந்த நடைமுறை. எந்தப் பக்கமும் 12 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மாதிரி செய்து தருவதையே பிழைப்பாகக் கொண்ட பட்டறைகள் வாஷிங்டன் நகரில் இருந்தன. ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்குமுன், ஆற்று மணல்திட்டில் சிக்கும் படகைத் தூக்கிவிட ஒரு வழி கண்டுபிடித்து, 1849-ல் 6,469-ஆம் எண் பேட்டண்ட் வாங்கினார். அவர் கொடுத்த மரப்படகு மாதிரி இன்றும் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

மாதிரிகள் குவியக் குவிய அவற்றுக்கென்றே பெரிய கூடங்கள் கட்டி, கண்ணாடி அலமாரிகளில் அடுக்கினார்கள். வெளியூரிலிருந்து தலைநகருக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடமாக அது ஆனது. உள்நாட்டுப் போரின்போது அந்தக் கூடங்கள் ஆஸ்பத்திரி ஆயின. குட்டி இயந்திரங்கள் நிறைந்த அலமாரிகளுக்கு நடுவே கட்டில் போட்டுக் காயம்பட்ட சிப்பாய்களைக் கிடத்தினார்கள். கவிஞர் வால்ட் விட்மன் அங்கே போய் அவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1865-ல் லிங்கனின் இரண்டாவது பதவியேற்பு விருந்து நடனமும் அதே கட்டடத்தில்தான்.

அண்ணனுக்குத் தீயோடு தீராத பகை. 1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது, பேட்டண்ட் அலுவலகத் தலைவர் வில்லியம் தார்ன்டன் படை அதிகாரியிடம் வாதாடி அலுவலகத்தைக் காப்பாற்றினார். 1836 டிசம்பரில் அதே அலுவலகம் எதிரி யாரும் இல்லாமலே தீப்பிடித்து, சுமார் 7,000 மாதிரிகள் சாம்பலாயின. 1877 செப்டம்பரில் புதிய கட்டடத்திலும் தீ. அதில் போனவை சுமார் 87,000. மூன்றே ஆண்டுகளில், இனி மாதிரி வேண்டாம் என்று அரசாங்கம் கையைக் கழுவிவிட்டது. இடமும் இல்லை, பராமரிக்க ஆளும் இல்லை.

அண்ணனும் தம்பியும் பழகிய மனிதர்கள் வேறு வேறு. பேட்டண்ட் மாதிரி திருப்திப்படுத்த வேண்டியிருந்தது ஒரே ஓர் அதிகாரியை. புதிதாக என்ன செய்திருக்கிறாய் என்று அவர் கேட்பார். அந்தப் புதிய பாகம் ஒழுங்காக வேலை செய்தால் போதும், மற்றது பொம்மையாக இருந்தாலும் குற்றமில்லை. சாம்பிள் நூற்றுக்கணக்கான அந்நியர்களைச் சந்தித்தது. அதனால் அது முழுக்க வேலை செய்ய வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனி பெயர் கண்ணில் படுகிற இடத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும்.

அடுப்பை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு அடுப்பு சில நூறு பவுண்டு கனம். அதைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற கம்பெனிகளும் உண்டு. ஆனால் ரயிலில் போகிறவர் என்ன செய்வார்? நியூயார்க் மாநிலத்தில் டிராய், ஆல்பனி இரண்டு ஊர்களும் அடுப்புத் தொழிலின் தலைமையிடங்கள். அடுப்பு வார்க்கிற ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவருக்குத் தனி மரியாதை. ஓர் அடுப்பின் கதவு, சாம்பல் தட்டு, வளையம் ஒவ்வொன்றுக்கும் அவர்தான் முதலில் மரத்தில் அச்சு செதுக்க வேண்டும். சாம்பிள் அடுப்பு என்றால் அதே வேலையைச் சின்ன அளவில் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். பூவேலையைச் சுருக்கும்போது கோடு மழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நிக்கல் பூச்சு. நல்ல சாம்பிள் அடுப்பில் கதவுக் கொக்கி ‘டிக்’ என்று சரியாக விழும், காற்றுத் தடுப்பு திறந்து மூடும், சாம்பல் தட்டு வெளியே வரும். இத்தனை பாடுபட்டுச் செய்வது மலிவாக முடியாது. ஆகவே எண்ணிக்கையில் கொஞ்சமாகத்தான் செய்தார்கள்.

செய்து முடித்ததும் அதன் அளவுக்கே ஒரு பெட்டி. உள்ளே துணி ஒட்டி, வெளியே தோல் பிடி வைத்து, மூலைகளுக்கு உலோகக் காப்பு போட்ட பெட்டி. ரயில் நிலையத்தில் பெட்டியை இறக்கி, ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஓட்டலில் அறை எடுப்பார் சேல்ஸ்மேன். அந்தக் கால ஓட்டல்களில் சாம்பிள் அறை என்றே ஒன்று இருந்தது. நீள மேஜைகள் போட்ட கூடம்; அங்கே சரக்கைப் பரப்பிவைத்தால் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர் வந்து பார்ப்பார். கடைக்காரர் இல்லாத ஊரில் நேரே பண்ணை வீட்டுச் சமையலறைக்கே போவார்கள். மேஜை மேல் பெட்டியை வைத்துத் திறந்து, குட்டி மெஷினை எடுத்துக் கைப்பிடியை அந்த வீட்டு அம்மாளின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பேச்சில் மசியாதவர்கள்கூடக் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

சொல்லப்போனால் இந்தத் தொழிலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. படத்தைக் காட்டினால் நம்ப வேண்டும். பெரிய மெஷினைக் காட்டினால் இடத்தை அடைக்கிறதே என்ற எண்ணம் வந்துவிடும். கைக்கடக்கமான ஒன்று எந்தக் கணக்கும் பார்க்க விடாமல் ஆசையை மட்டும் கிளப்பும். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு யாருடைய கையிலும் இத்தனை அழகான குட்டிப் பொருள் வந்திருக்காது. ஆர்டர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியதும் சாம்பிள் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். அது விற்பனைக்கு அல்ல.

இந்த ‘விற்பனைக்கு அல்ல’ என்பது ஒரு கட்டத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வெளியூர் சேல்ஸ்மேன்கள் மேல் உள்ளூர்க் கடைக்காரர்களுக்குக் கடுப்பு. கடைக்கு வாடகை கிடையாது, வரி கிடையாது, ஒரு பெட்டியோடு வந்து ஊர்ப் பணத்தை வாரிக்கொண்டு போகிறான் என்று புகார். டென்னஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், அங்கே கடை இல்லாமல் சாம்பிள் காட்டி விற்கிறவர் எவரானாலும் வாரத்துக்கு 10 டாலர், அல்லது மாதத்துக்கு 25 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சின்சினாட்டியிலிருந்து வந்த சபீன் ராபின்ஸ் என்பவர் எழுதுபொருள் சாம்பிள்களோடு மெம்பிஸில் சுற்றினார், லைசென்ஸ் வாங்கவில்லை, அபராதம் விழுந்தது. அவர் விடவில்லை. 1887-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாநிலத்துச் சரக்கை இன்னொரு மாநிலத்தில் ஆர்டர் எடுத்து விற்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். அதன்மேல் மாநிலம் இப்படி வரி போட முடியாது. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. வழக்கு என்னவோ காகிதம், பேனா சமாச்சாரம். ஆனாலும் சாம்பிள் பெட்டி தூக்கிய அத்தனை பேருக்கும் மாநில எல்லைகளைத் திறந்துவிட்டது அந்தத் தீர்ப்புதான்.

அவர்களுடைய வாழ்க்கை சுகமானதாக இருக்கவில்லை. வாரக்கணக்கில் வீட்டைவிட்டு இருக்க வேண்டும். ஓட்டல் அறைகளில் குடியும் சீட்டும்தான் துணை. 1898-ல் விஸ்கான்சினின் போஸ்கோபெல் என்ற சின்ன ஊரில், ஓட்டலில் இடம் இல்லாமல் முன்பின் தெரியாத இரண்டு சேல்ஸ்மேன்கள் ஒரே அறையில் தங்க நேர்ந்தது. இரண்டு பேரும் பக்திமான்கள். பேச்சுவாக்கில் பிறந்த யோசனை மறு ஆண்டே ஊர் சுற்றும் கிறிஸ்தவ வியாபாரிகளின் சங்கம் ஆயிற்று. அதுதான் கிதியோன்கள் சங்கம். நம் ஊர்ப் பள்ளி வாசல்களில் கையடக்கப் புதிய ஏற்பாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவார்களே, அவர்களேதான். ஓட்டல் அறை மேஜை இழுப்பறையில் பைபிள் இருப்பதற்கும் இவர்கள்தான் காரணம்.

சாம்பிளின் நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. மான்ட்கோமரி வார்ட் 1872-ல் ஒற்றைத் தாளாகத் தொடங்கிய தபால் விற்பனைப் பட்டியல் தடிப் புத்தகமாக வளர்ந்தது. சியர்ஸ் பட்டியல் அதைவிடப் பெரிதாக வந்தது. 1896-லிருந்து தபால்காரர் பண்ணை வீட்டு வாசலுக்கே வந்தார். 1913 ஜனவரி 1 முதல் பார்சலும் தபாலிலேயே வந்தது. இவையெல்லாம் பலரும் சொல்கிற காரணங்கள். என் கணக்கில் பெரிய காரணம் மின்சாரம். கையால் சுற்றுகிற மெஷினைச் சின்னதாகச் செய்து காட்டலாம். வேலை எப்படி நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். மின்சார மெஷினில் வாங்குகிறவர் ஆசைப்படுவதே கை ஓய்ந்திருப்பதற்குத்தான். ஒரு சாண் பொம்மையில் அதை எப்படிக் காட்டுவது? மேடேக் கம்பெனி 1922-ல் அலுமினியத் தொட்டியும் அடியில் சுழலும் துடுப்பும் வைத்த ஜைரஃபோம் மெஷினைக் கொண்டுவந்தபோது, சேல்ஸ்மேனிடம் காரும் இருந்தது. முழு மெஷினையே வீட்டுக்குக் கொண்டுபோய், அந்த வீட்டு அழுக்குத் துணியையே துவைத்துக் காட்ட முடிந்தது.

வேலை போன சாம்பிள்கள் எங்கே போயின? சில, கடைக்காரரின் கண்ணாடி ஜன்னலில் தங்கிவிட்டன. பல, சேல்ஸ்மேன் வீட்டுக் குழந்தைகளின் கைக்கு வந்தன. ஒரு சந்ததி விளையாடியது; அடுத்த சந்ததி பரணில் போட்டது. பதிவேடு கிடையாது, எண் கிடையாது. பாட்டன் கம்பெனிக்கு வேலை பார்த்தார் என்ற வாய்ச்சொல் மட்டும் கூட வந்தது. சில வீடுகளில் அதுவும் வரவில்லை.

இந்த விஷயத்தில் அண்ணன் அதிர்ஷ்டசாலி, ஊரறிய அலைந்தான். 1925-ல் அமெரிக்க அரசாங்கம் மிச்சமிருந்த பேட்டண்ட் மாதிரிகளை ஒழித்துக்கட்ட முடிவு செய்தது. ஸ்மித்சோனியன் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டது. மற்றதில் பெரும்பகுதியை 6,540 டாலருக்கு வாங்கியவர் ஹென்றி வெல்கம். பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பெனியின் வெல்கம்தான். விஸ்கான்சினில் பிறந்து லண்டனில் பெரும் பணக்காரரான அவர், உலகம் முழுவதிலுமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வாங்கிக் குவித்தவர். லண்டனுக்குப் போகுமுன் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? மருந்து சாம்பிள் பெட்டியோடு அமெரிக்க ஊர்களைச் சுற்றிய சேல்ஸ்மேன். டாக்டர்களைத் தேடிப் போய் இலவச சாம்பிள் கொடுக்கும் வழக்கத்தைப் பிரிட்டனில் வேரூன்றச் செய்தவர்களில் அவருடைய கம்பெனி முக்கியமானது. இன்றைக்கு டாக்டர் அறை வாசலில் தோல்பையோடு காத்திருக்கும் மெடிக்கல் ரெப்புக்கு அவர் ஒருவகையில் முப்பாட்டன். பெட்டி தூக்கிப் பழகிய கைதான் அத்தனை குட்டி இயந்திரங்களையும் குப்பைக்குப் போகாமல் தடுத்தது என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் அதுதான் என்று யாரும் நிரூபிக்கப் போவதில்லை.

அவற்றுக்கென்று ஒரு மியூசியம் கட்டுவது வெல்கமின் திட்டம். கட்டாமலே 1936-ல் இறந்துபோனார். மாதிரிகளில் பெரும்பாலானவை கட்டிய பெட்டிகளைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு பிராட்வே நாடகத் தயாரிப்பாளர் கிராஸ்பி கெய்ஜ் வாங்கினார். அவரிடமிருந்து கைமாறிக் கைமாறி, ஓ. ரண்டல் கில்பர்ட் என்ற ஏலக்காரரிடம் வந்தன. அவர் நியூயார்க்கின் கேரிசன் ஊரில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஏலம் போட்டார். 1979-ல் கிளிஃப் பீட்டர்சன் என்ற பொறியாளர் மிஞ்சியதை மொத்தமாக வாங்கினார். அதிலிருந்து ஆலன் ராத்ஸ்சைல்ட் என்பவர் பல ஆயிரம் வாங்கிக் கேசனோவியா என்ற ஊரில் தம் வீட்டிலேயே மியூசியம் நடத்தினார். அந்தத் தொகுப்பு 2015-ல் டெலவேரில் உள்ள ஹாக்லி மியூசியத்துக்குப் போனது. ஹாக்லியிடம் இப்போது இருப்பவை சுமார் 5,000. துணி துவைக்கும் கருவிகளும் பிழியும் உருளைகளும் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பேட்டண்ட் எண் இருப்பதால் யார் செய்தது, எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

சாம்பிளுக்கு அந்த வசதி இல்லை. பொய்க்கு இடம் கிடைப்பதும் அங்கேதான். வெறும் பொம்மை என்றால் ஒரு விலை. சேல்ஸ்மேன் சாம்பிள் என்று சீட்டு ஒட்டினால் அதே பொருளுக்குப் பல மடங்கு விலை. ஒரு காலத்தில் மற்றதை விற்றுக்கொடுத்த அந்தப் பெயர் இன்றும் ஓயாமல் விற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதிகமாக ஏமாற்றுவது சிங்கர் கம்பெனியின் 20-ஆம் மாடல். ஏழு அங்குலத்துக்கும் குறைவான உயரம், கறுப்பு உடல், மேஜை விளிம்பில் இறுக்கிக்கொள்ள ஒரு கிளாம்ப், கையால் சுற்றும் சக்கரம். நம் வீடுகளில் இருந்த பெரிய சிங்கரின் குட்டி என்றே தோன்றும். இதைச் சேல்ஸ்மேன் சாம்பிள் என்று சொல்லி விற்காத சந்தையே இல்லை. உண்மையில் 1910 வாக்கில் சிறுமிகளுக்காகவே செய்து விற்கத் தொடங்கிய மெஷின் அது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்துப் பாருங்கள். அடியில் பாபின் இல்லை. மேல் நூல் ஒன்றுதான். துணிக்கு அடியில் சங்கிலிபோல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும். கடைசிக் கண்ணியிலிருந்து நூல் முனையைப் பிடித்து இழுத்தால் தையல் மொத்தமும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். பெரிய சிங்கரின் பெருமையே மேல் நூலும் பாபின் நூலும் பின்னிப் பூட்டிக்கொள்கிற உறுதியான தையல்தான். அதை விற்கப் போகிறவன் இழுத்தால் பிரிகிற தையலைக் காட்டுவானா?

வார்ப்பிரும்பு அடுப்புகளிலும் இதே கூத்து. இலினாயின் ஃப்ரீபோர்ட் ஊரில் ஆர்கேட் கம்பெனி இருந்தது. காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் செய்து, பிறகு பொம்மைக்கு வந்த கம்பெனி. லெனர்ட் ஐஸ் பெட்டி, ரோப்பர் அடுப்பு, கிரேன் குளியலறைச் சாமான் என்று நிஜக் கம்பெனிகளின் பெயரையே வார்த்துப் பொம்மைகள் போட்டார்கள். பார்க்க நிஜம்போலவே இருக்கும் என்பதுதான் அவர்களுடைய விளம்பர வாசகம். அந்த வாசகம் கொஞ்சம் அளவுக்கு மீறியே பலித்துவிட்டது. பெயர் பொறித்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சாம்பிள் என்று முடிவுகட்டுகிறவர்கள் ஆர்கேடுக்கு மொய் எழுதுகிறார்கள்.

அனுபவப்பட்டவர்கள் பார்க்கும் இடங்கள் வேறு. பெரிய மெஷினில் அசைகிற பாகமெல்லாம் இதிலும் அசைகிறதா? விகிதம் சரியா? பொம்மை செய்கிறவர் கைப்பிடியைக் குழந்தைக் கைக்கு ஏற்பப் பெரிதாக வைத்துவிடுவார்; சாம்பிள் செய்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார். பெட்டி கூட இருக்கிறதா? தேய்மானம் எங்கே? திறந்து காட்டிய கதவின் கொக்கியும் சுற்றிய பிடியும் தேய்ந்திருக்க வேண்டும். அடிப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் தரையில் இழுத்து விளையாடிய பொருள். பழைய வார்ப்பு தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். புதுப் போலியில் மணல் சொரசொரப்பும் செம்மஞ்சள் துருவும். ஸ்க்ரூவின் தலையையும் பாருங்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் ஸ்டார் ஸ்க்ரூ என்கிற வகை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1890-ஆம் ஆண்டுச் சாம்பிளில் அது இருந்தால் நடையைக் கட்டலாம்.

துணி பிழியும் உருளைகளில்தான் இன்னும் தீராத வழக்கு. நூறு வருஷத்து ரப்பர் கல்லாக இறுகி, வெடித்து, உருளைகளுக்கு நடுவே காகிதம் போகிற அளவுக்குச் சுருங்கியிருக்கும். புது ரப்பர் போட்டால் கைக்குட்டையை மறுபடி பிழியலாம். சேல்ஸ்மேன் செய்து காட்டியதை நாமும் செய்து பார்க்கலாம். ஆனால் மூலப் பொருள் போயிற்று என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். விற்க நினைக்கிறவர்கள் ரப்பரைத் தொடுவதில்லை. வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களில் சிலர் மாற்றிவிடுகிறார்கள். பழைய உருளைகளை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்துகிறார்கள்.